இருமுறை உழைக்கும் தீ



சோறு வடித்த கஞ்சியைக் கழுநீர்த் தொட்டியிற் சேர்த்து மாட்டுக்கு வைப்பர். வெளுத்த துணிக்கு அதனையே ஏற்றி மடிப்பர். அடுப்பில் எரிந்த விறகு ஒன்றே. அதனாற் பெற்ற பயன் மூன்று. அக்கஞ்சியைச் சாக்கடையிற் கொட்டும் வீட்டை ஊரார் பழிப்பது இயல்பு. ஆனால் உலகின் பேரனல் மின்னாலைகள் பலவும் நாள்தோறும் கொட்டிக்கொண்டிருப்பது கஞ்சியன்று. தாம் எரித்த எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி. கொட்டும் இடம் கடல், அல்லது ஆறு, அல்லது குளிர்விப்புக் கோபுரத்தின் வழியே வானம்.

இஃது எங்ஙனம் நிகழ்கிறது? நிலக்கரியை எரித்துக் கொதிகலனில் நீரை ஆவியாக்குகின்றனர். அந்நீராவி பெருவிசையோடு பாய்ந்து, டர்பைன் என்று பொறிஞர் வழங்கும் சுழலியைச் சுழற்றுகிறது. சுழலியொடு பிணைந்த மின்னாக்கி மின்னைத் தருகிறது. வேலை முடித்த நீராவியை மீண்டும் நீராக்கினால்தான் கொதிகலனுக்குள் திருப்பி அனுப்ப முடியும். அதற்காகக் குளிர்ந்த கடல்நீரையோ ஆற்றுநீரையோ குழாய்களில் ஓடவிட்டு, நீராவி அக்குழாய்களின்மேற் பட்டுக் குளிருமாறு செய்கின்றனர். நீராவி விட்ட வெப்பம் முழுதும் அக்குளிர்நீரோடு போய்விடுகிறது. பழைய ஆலைகளில் நூறு பங்கு நிலக்கரி வெப்பத்தில் 35 முதல் 40 பங்கே மின்னாயிற்று. பத்துப் பங்கு அளவில் புகைபோக்கி வழியும் பிற வழிகளிலும் கழிந்தது. எஞ்சியது நீரோடு போயிற்று.

பொறிஞரின் திறக்குறைவா இது? அன்று. பிரஞ்சு நாட்டுப் படைப்பொறிஞர் சாடி கார்னோ 1824 ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அப்போது அவர்க்கு அகவை 28. வெப்பம் உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கு இறங்கும்போதே அதிலிருந்து வேலை பெற இயலும். பெறத்தக்க வேலையின் உச்ச அளவை அவ்விரு நிலைகளின் வெப்பமே முடிவு செய்யும் என்று அந்நூல் நிறுவியது. அதனை அன்று படித்தோர் மிகச் சிலர். 1832 இல் வாந்திபேதி கண்டு 36 அகவையில் அவர் மறைந்தார். பின்வந்த அறிஞர் அவர் கருத்தைத் திருத்திச் செப்பம் செய்து, ஏற்ற வெப்பத்தில் ஒரு பகுதி தாழ்ந்த நிலைக்குப் போயே தீரும் என்பதை இயற்கையின் நெறியாகவே வகுத்தனர். ஆதலால் அவ்வெப்பத்தை இல்லாமற் செய்ய எவராலும் இயலாது. அதனை எங்கே விடுவது என்பதொன்றே மாந்தர் கையில் உள்ளது. கடலில் விடலாம், குளிரால் நடுங்கும் ஊரின் வீடுகளுக்குள்ளும் விடலாம்.

இரண்டாம் வழியைப் பற்றிய ஆலையைத்தான் ‘கோஜெனரேஷன்’ ஆலை என்கின்றனர். மின்னும் வெப்பமும் ஓர் எரிபொருளிலிருந்து இணைந்தே ஆக்கப்படுதலின் அதற்கு இணைவாக்கம் என்னும் சொல் நன்கு பொருந்தும். சொல்லைக் கேட்டவுடனே பொருள் விளங்குதலால் இவ்வுரையில் அதுவே ஆளப்பெறும்.

இணைவாக்கம் புதிதன்று. எடிசன் 1882 இல் நியூயார்க்கு நகரின் பேள் தெருவில் நிறுவிய மின்னாலையே அண்டைக் கட்டடங்களுக்கு நீராவியும் விற்றது. தென்மார்க்கு நாட்டில், டென்மார்க் என்று நாளிதழ்கள் எழுதும் அந்நாட்டில், தலைநகர் கோப்பனேகனை ஒட்டிய பிரடெரிக்சுபெர்க்கு என்னும் நகராட்சி, 1903 இல் ஊர்க் குப்பையை எரித்து மின்னும் ஆக்கி, அவ்வெப்பத்தைக் குழாய் வழியே மருத்துவமனைக்கும் அனுப்பியது. குப்பையும் தீர்ந்தது, விளக்கும் எரிந்தது, நோயாளியும் குளிர் நீங்கினான்.

இதனால் மிச்சமாகும் எரிபொருள் எவ்வளவு? ஓர் ஊர்க்கு 30 பங்கு மின்னும் 55 பங்கு வெப்பமும் வேண்டும் என்று கொள்க. மின்னைத் தனி ஆலையில் ஆக்கினால், அவ்வாலை நூற்றுக்கு 40 பங்கே மின்னாக்குமாயின், 75 பங்கு எரிபொருள் செல்லும். வெப்பத்திற்கு வீடுதோறும் கொதிகலன் வைத்தால், அது நூற்றுக்கு 90 பங்கு பயன் தந்தாலும், 61 பங்கு செல்லும். ஆக 136. இணைவாக்க ஆலையோ அவ்விரண்டையும் 100 பங்கிலேயே தந்துவிடுகிறது. நான்கில் ஒரு பங்கிற்கும் மேல் மிச்சம்! எரிபொருள் முழுதையும் அயல்நாட்டில் வாங்கும் ஒரு நாட்டிற்கு இம்மிச்சம் எத்துணைப் பெரிது என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்திற் பலர் ஒரு தவறு செய்கின்றனர். ‘வீணாகும் வெப்பத்தைத்தானே எடுக்கிறோம், அதற்கு விலையே இல்லை’ என்று எழுதுவோர் உளர். அது முழு உண்மையன்று. மின்னை மட்டும் ஆக்கும் ஆலையிலிருந்து வெளியேறும் குளிர்நீர் கைபொறுக்கும் வெதுவெதுப்பே உடையது. வீட்டைச் சூடேற்றப் போதாது. ஊர்க்கு 80 பாகை வெப்பமுள்ள நீர் வேண்டுமாயின், நீராவி தன் வேலையை முற்ற முடிக்குமுன்னரே, இன்னும் சூடும் விசையும் உள்ள நிலையிலேயே, அதனைச் சுழலியிலிருந்து எடுத்தாக வேண்டும். அதனால் மின் சிறிது குறையும். ஓர் அலகு மின்னை இழந்து நான்கு முதல் ஏழு அலகு வரை வெப்பம் பெறலாம். ஊர்க்கு அனுப்பும் நீரின் சூடு எவ்வளவு குறைவோ அவ்வளவு இம்மாற்று ஊதியமாகும். குழாய்நீரை முடிந்த மட்டும் குறைந்த சூட்டிலேயே ஓட்டத் தென்மார்க்கினர் அரும்பாடுபட்டதற்குக் கரணியம் இதுவே. குழாய் மண்ணுக்குள் ஓடும்போதும் வெப்பம் கசிகிறது. எவ்வளவு போர்த்தினாலும் அந்நாட்டில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவு வழியிற் குறைகிறது. இவ்விழப்புகளையெல்லாம் கழித்த பின்னும் மிச்சம் நிற்கிறது என்பதே இணைவாக்கத்தின் பெருமை. இழப்பே இல்லை என்று கூறுவது அதற்குப் பெருமை சேர்ப்பதாகாது.

தென்மார்க்கு மக்கள் இவ்வழியில் ஊன்றி நின்றது இடர் வந்த பின்னரே. 1973 இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலையை ஏற்றியபோது, தன் ஆற்றல் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் இறக்குமதி எண்ணெயையே அந்நாடு நம்பியிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓட்டலாகாதென அரசு ஆணையிட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் மிதிவண்டி ஏறியும் சென்றனர். 1979 இல் வெப்ப வழங்கற் சட்டம் பிறந்தது. எந்தப் பகுதிக்கு இணைவாக்க வெப்பம், எந்தப் பகுதிக்கு இயற்கை எரிவளி என ஊராட்சிகள் நிலப்படம் வரைந்து வகுக்கலாயின. 1988 முதல் புதிய கட்டடங்களில் மின்னாற் சூடேற்றும் அமைப்புப் பொருத்துதலே தடுக்கப்பட்டது. நிலக்கரியை எரித்து, பாதிக்கு மேல் இழந்து, மின்னாக்கி, அம்மின்னை மீண்டும் வெறுஞ்சூடாக்குவது பொன்னை உருக்கிக் கரண்டி செய்து களி கிண்டுவது போன்றது அன்றோ? 1990 ஆம் ஆண்டை ஒட்டிய உடன்பாட்டின்பின், சிற்றூர்களின் வெப்பக் கொதிகலன்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைவாக்க ஆலைகளாக மாறின. அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்று ஊர்க்குழாய் வெப்பத்தாற் சூடு பெறுகின்றது.

இவ்வளவில் உரை முடிந்திருந்தால் அஃது எளிய வெற்றிக் கதையாக நின்றிருக்கும். ஆனால் இணைவாக்கத்தின் வலிமையே அதன் தளையுமாயிற்று. அதுதான் எண்ணத்தக்க செய்தி.

மின்னும் வெப்பமும் ஒரே தீயிற் பிறக்கும் இரட்டையர். ஒன்றை வேண்டாமலே மற்றொன்றைப் பெற இயலாது. நீராவி முழுதையும் ஊர் வெப்பத்திற்கே அனுப்பும் எளிய வகைச் சுழலியில் இத்தளை மிக இறுக்கம். எரிபொருட் சிக்கனத்தில் அதுவே முதல்வகை. இயக்கத்தில் அதுவே மிக முரடு. ஊர்க்கு வெப்பம் வேண்டுமாயின் மின்னும் வந்தே தீரும்; எவர்க்கும் வேண்டாவிடினும் வரும். ஊர்க்கு வெப்பம் வேண்டாவிடில், வேண்டும் மின்னும் வாராது. ஊரின் தேவையோ இரட்டையர் போல் இணைந்து நடப்பதன்று. காலையில் எழுந்து குளிக்கும் வேளையில் வெப்பம் மிகுதியாக வேண்டும். மாலை அடுப்பெரியும் வேளையில் மின் மிகுதியாக வேண்டும். நள்ளிரவில் குளிர் மிகும், மின்தேவை குன்றும்.

தென்மார்க்கிற்கு இச்சிக்கலைப் பன்மடங்காக்கியது அதன் மற்றொரு பெருமையாகிய காற்றாலை. 2019 இல் அந்நாட்டு மின்தேவையில் ஏறத்தாழ 47 விழுக்காட்டைக் காற்றே ஈந்தது. மாரிக்காலப் புயலிரவை எண்ணிப் பார்க்கலாம். கடுங்குளிர், ஆதலின் இணைவாக்க ஆலைகள் முழுமூச்சில் ஓடி மின்னையும் கொட்டுகின்றன. பெருங்காற்று, ஆதலின் காற்றாலைகளும் மின்னைக் கொட்டுகின்றன. மக்களோ உறங்குகின்றனர். மின்னை வாங்குவார் இல்லை. வடநாடுகளின் மின்சந்தையில் 2009 இன் இறுதி முதல் விலை சுழிக்குக் கீழும் இறங்க இடம் தரப்பட்டது. அஃதாவது, மின்னை விற்பவனே வாங்குபவனுக்குப் பணம் தர வேண்டிய நிலை! எரிபொருளைச் சேமிக்கப் பிறந்த ஆலை, எவர்க்கும் வேண்டாத மின்னுக்காக எரிபொருளை எரிக்கும் நிலைக்கு வந்தது. அவ்வேளையில் தாளில் எழுதிய 90 விழுக்காட்டுப் பயன் என்ன பயன்?

இத்தளையை அவிழ்த்தது ஏதோ அரும்பெரும் பொறி என்று எண்ணற்க. அதை அவிழ்த்தது ஒரு தண்ணீர்த் தொட்டி.

ஆலையின் அருகே உயர்ந்த உருளை வடிவில் எஃகுத் தொட்டியை நிறுவி, வெப்பம் கசியாதவாறு போர்த்துகின்றனர். தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆயின் வெந்நீர் எங்கே, தண்ணீர் எங்கே? இரண்டும் ஒரே தொட்டியில், நடுவே சுவரின்றி! 90 பாகை வெந்நீர் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 965 கிலோ எடை. 40 பாகை நீரோ 992 கிலோ. அச்சிறு எடை வேறுபாடே சுவராகிறது. மேலே வெந்நீர் மிதக்க, கீழே குளிர்நீர் தங்க, இடையே மெல்லிய கலவைப் படலம் ஒன்று மட்டும் நிற்கும். வெந்நீரை மேலிருந்து மிக மெல்ல ஊட்டுவர். அவ்வளவு குளிர்நீரைக் கீழிருந்து எடுப்பர். படலம் கீழிறங்கும், தொட்டி வெப்பத்தால் நிரம்பும். ஊர்க்கு வேண்டும்போது மேலிருந்து எடுத்து, ஊரைச் சுற்றிக் குளிர்ந்து திரும்பிய நீரைக் கீழே விடுவர், படலம் மேலேறும். விரைந்து ஊட்டினால் நீர் கலங்கிப் படலம் சிதையும்; ஆதலின் அகன்ற விரிப்பான்களின் வழியே ஓசையின்றி நீர் நுழைகிறது. இதில் நுட்பம் என்று சொல்லத்தக்கது அம்மெதுமையே.

ஒரு கன மீட்டர் நீர் 50 பாகை சூடிழந்தால் ஏறத்தாழ 58 அலகு, மக்கள் யூனிட் என்று அறிந்த அதே அலகு, வெப்பம் வெளிப்படும். கோப்பனேகனுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள அவெடோர ஆலையின் இரு தொட்டிகளும் சேர்ந்து 44,000 கன மீட்டர் நீர் கொள்வன. அக்கணக்கிற்கு 25 இலக்கம் அலகு வெப்பம் அங்கே உறங்கிக் கிடக்கும். மின்கலத்தில் இவ்வளவு ஆற்றலைத் தேக்க ஆகும் செலவு எங்கே, எஃகுத் தகட்டுக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவு எங்கே!

அவெடோர ஆலையின் இரண்டாம் பிரிவு 2001 இல் இயங்கத் தொடங்கியது. நீராவியை 580 பாகை அளவுக்குச் சூடேற்றும் கொதிகலன் அதற்கு உண்டு. கோதுமைத் தாளை எரிக்கும் தனிக் கொதிகலனும் உண்டு. மின்னை மட்டும் ஆக்கும்போது நூற்றுக்கு 48, 49 பங்கு அளவு மின்னாக்கும்; இரண்டையும் ஆக்கும்போது எரிபொருளின் பயன் 90 பங்கையும் கடக்கும். அதன் சுழலியில் நீராவியை இடையில் வேண்டுமளவு எடுக்கலாம். எடாமல் இறுதிவரை ஓடவும் விடலாம். இச்சுழலியும் தொட்டியும் சேர்ந்தபோது பொறிஞர்க்குக் கிடைத்த உரிமையைப் பாருங்கள். காற்று ஓய்ந்து மின் விலை ஏறிய மாலையில் நீராவி எடுப்பதை நிறுத்தி, முழுதையும் மின்னாக்குவர். ஊரைத் தொட்டி காக்கும். மின் மலிந்த இரவில் ஆலையைத் தாழ்த்துவர். அப்போதும் ஊரைத் தொட்டியே காக்கும். சில ஆலைகளில் நீராவியைச் சுழலியின் பக்கமே விடாமல் நேரே வெப்ப மாற்றிக்குத் திருப்பும் மாற்றுவழியும் அமைத்தனர். மின் சிறிதும் வாராது, வெப்பம் மட்டும் வரும்.

தொட்டி செய்யும் மற்றோர் உதவி வெளிக்குத் தெரியாதது. பெருங்கொதிகலனைக் குளிர்ந்த நிலையிலிருந்து எழுப்பப் பல மணி நேரம் ஆகும்; தடித்த எஃகு சீராகச் சூடேறாவிடில் வெடிப்புக் காணும். எழுப்பும்போதெல்லாம் எரிபொருள் பயனின்றிச் செல்லும். அரைச்சுமையில் இழுத்துக்கொண்டிருந்தாலோ பயன் விழுக்காடு சரியும். தொட்டி உள்ள ஆலை, ஓடும்போது நிறைசுமையில் ஓடி, நிற்கும்போது முற்ற நிற்கலாம். சிக்கனமும் வளைந்து கொடுக்கும் இயல்பும் ஒன்றையொன்று விழுங்காமல் இங்கேதான் உடன்படுகின்றன.

சிற்றூர்களில் இது முன்னரே விளங்கிவிட்டது. அங்கே சுழலியில்லை, இயற்கை எரிவளியில் ஓடும் எஞ்சின்களே உண்டு. அவை சில நிமையங்களில் எழுந்து நிறைசுமை கொள்வன. 1990களில் நாளின் வேளைக்கேற்ப மின்னுக்கு மூவகை விலை தரப்பட்டது. சிற்றூர் ஆலைகள் விலைமிக்க வேளையில் எஞ்சினை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டு, இரவில் எஞ்சினை உறங்கவிட்டுத் தொட்டியால் ஊரைச் சூடேற்றின. 2005 முதல் அவை படிப்படியாகத் திறந்த சந்தைக்கு வந்தன. நாட்டின் வடமுனையில் மீனவர் வாழும் இசுகாகன் என்னும் சிறு நகரின் ஆலையில் எரிவளி எஞ்சின்களோடும் தொட்டியோடும் மின்கொதிகலன் ஒன்றும் சேர்ந்தது. மின் அருகியபோது எஞ்சின் மின் தரும். மின் மிகுந்து வழிந்தபோது கொதிகலன் அதை உண்டு வெந்நீராக்கும். மின்வலையின் மேடுபள்ளத்தை நிரவும் தொண்டுக்கும் தனியே விலை கிடைத்தது.

1988 இல் மின்சூட்டைத் தடுத்த நாடு மின்கொதிகலனை வரவேற்பது முரணன்றோ என வினவலாம். முரணன்று. அன்று தடுத்தது நிலக்கரி மின்னை. இன்று தொட்டியில் இடுவது வாங்குவாரற்ற காற்று மின்னை. பொருள் ஒன்றே எனினும் வேளை வேறு. வேளை மாறினால் விலையும் மாறும், அறிவுடைமையும் மாறும்.

ஆயினும் தொட்டி எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. சிற்றூர் ஆலைகளுக்கு அரசு தந்துவந்த அடிப்படைத் தொகை 2018 உடன் நின்றபின், பல எஞ்சின்கள் ஆண்டில் மிகச் சில மணிகளே ஓடலாயின. ஓடாத எஞ்சினையும் பழுதின்றிக் காக்க வேண்டும். காற்று நின்ற குளிர்நாளில் அதுவே துணை. அக்காவற்செலவை யார் ஏற்பது என்னும் வழக்கு எளிதில் தீர்வதன்று.

இத்தகைய தளை தமிழ்நாட்டுக்குப் புதிதா? சருக்கரை ஆலைக்குச் சென்றோர் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். கரும்பு பிழிந்த சக்கையை எரித்து நீராவி ஆக்கி, அதனாற் சுழலியை ஓட்டி, வெளிவரும் தாழ்விசை நீராவியாற் சாறு காய்ச்சுவது இணைவாக்கமே. முற்காலத்தில் சக்கை மலைபோற் குவிந்து இடத்தை அடைத்தமையால், சிக்கனமாக எரிப்பதினும் எரித்துத் தீர்ப்பதையே ஆலைகள் விரும்பின. மிகை மின்னை மின்வாரியம் வாங்கத் தொடங்கிய பின்னரே உயர்விசைக் கொதிகலன்கள் வந்தன. அதே சக்கையிலிருந்து பன்மடங்கு மின் பிறந்தது. ஆனால் அரைவைப் பருவம் முடிந்தால் சாறு காய்ச்ச நீராவி வேண்டுவதில்லை. அப்போது வேலை முடித்த நீராவியைக் குளிர்வித்து வெப்பத்தை வானுக்கு விட்டே மின்னாக்க வேண்டியுள்ளது. அங்கே ஒரு நாளின் மேடுபள்ளம். இங்கே ஓர் ஆண்டின் மேடுபள்ளம். அரையாண்டு வெப்பத்தைத் தாங்கும் தொட்டிக்கு எஃகு கட்டுபடியாகாது.

அவ்வளவு பெரிதாகத் தேக்கவும் தென்மார்க்கினர் முயலாமலில்லை. நிலத்தைக் குழித்து, நெகிழித் தாள் விரித்து, நீர் நிரப்பி, மேலே மிதக்கும் போர்வை இட்டுக் குளம்போல் வெப்பத்தைத் தேக்குகின்றனர். வோயென்சு என்னும் ஊரில் 2015 இல் அமைந்த அத்தகைய குளம் 2,00,000 கன மீட்டர் கொள்வது. கோடைக் கதிரவன் வெப்பம் அதில் மாரிக்குக் காத்திருக்கிறது.

நிலக்கரி எரித்த இணைவாக்க ஆலைகளோ அந்நாட்டில் மறைந்து வருகின்றன. அவெடோரவின் முதற்பிரிவு 2016 இல் நிலக்கரியை விட்டு மரத்தூள் உருண்டைக்கு மாறியது. மேற்குக் கரையில் உள்ள எசுபியர்க்கு நகரின் நிலக்கரி ஆலை 2024 இல் மூடப்பட்டது. அந்நகரில் இப்போது கடல்நீரிலிருந்து வெப்பத்தை இறைக்கும் பெரும்பொறிகள் ஓடுகின்றன. ஒருகாலத்தில் அனல்மின்னாலைகள் வெப்பத்தைக் கொட்டிய அதே கடலிலிருந்து, காற்று மிகுந்து மின் மலிந்த வேளை பார்த்து வெப்பத்தை முகந்து, ஊர்க்குழாய்களில் இடுகின்றனர். ஆலை மாறியது, எரிபொருள் மாறியது, மண்ணுக்குள் அன்று புதைத்த குழாய்கள் மாறவில்லை.